மல்லாந்து கிடந்தவை

பூச்சிக்கூடத்தில் என் காலை வேலை செத்தவற்றைப் பொறுக்குவது. கண்ணாடித் தொட்டிகளில் வளரும் கருநீல வண்டுகளில் மல்லாந்து கிடப்பதை இடுக்கியால் எடுத்து, டப்பாவில் பரப்பி, ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். ஆபத்து என்று பட்டால் கால்களை விறைத்துக்கொண்டு பிணம்போலக் கிடந்துவிடுகிற வகை அது. தெரிந்துதான் இருந்தது. அதனால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பேன், ஊதிப் பார்ப்பேன். அசையாவிட்டால் டப்பாவுக்குள்.

போன வாரம் ஒரு காலையில் ஃப்ரீசரைத் திறந்தால், பரப்பி வைத்தவற்றில் பாதி ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக் கிடந்தன. உள்ளே நடந்திருக்கின்றன.

"தட்டத் தட்ட அது இன்னும் நல்லா சாகும்மா," என்றார் மேற்பார்வையாளர். "தொடாம தள்ளிப் போயிடு. ஆள் இல்லைன்னு தெரிஞ்சா தானே எழுந்து நடக்கும். நம்ம ஆபீஸ்லயே பாதிப் பேர் அப்படித்தானே!"

சிரித்தேன். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வீட்டில் தங்கை இருந்தாள். கணவன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து, என் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவள். "அடிச்சாரா?" என்று கேட்டேன். "திரும்பிப் போறியா, இங்கேயே இருக்கியா? ஒரு வார்த்தை சொல்லேன்டி." காபி கொடுக்கும்போது கேட்டேன், விளக்கை அணைக்கும்போது கேட்டேன். கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வாள். நான் வேலைக்குப் போய்த் திரும்பினால் மட்டும் பாத்திரங்கள் கழுவியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார், அழைத்துப்போக. ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலருகே நின்றார்.

"கல்லுளிமங்கி மாதிரி கிடக்கிறா பாருங்கக்கா. வரமாட்டேன்னு சொல்லட்டும், போயிடறேன். சொல்லலையே! அப்ப சம்மதம்தானே?"

எனக்குத் தெரியவில்லை. சம்மதமா, மறுப்பா, வெறும் அசதியா? கூடப் பிறந்தவளின் முகம் எனக்கு ஏன் படிக்க வரவில்லை? அவள் போய்விட்டால் என் கட்டில் எனக்கு என்கிற நினைப்பு வேறு ஓரமாக வந்து நின்றது. அதை விரட்டினேனா என்பதும் தெரியவில்லை.

அவர் அவள் பையைத் தூக்கிக்கொண்டார். "எழுந்திரு" என்று தோளைத் தொட்டு அசைத்தார். போர்வைக்கு வெளியே இருந்த அவள் கால்விரல்கள் விறைத்தன.

"மாப்பிள்ளை, கையை எடுங்க."

"என்னக்கா?"

"பையைக் கீழே வைங்க. எதிர்க்கடையில ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

"இப்பவா? டீயா?"

"எனக்குத் தலை வலிக்குது. வாங்க."

"நாங்க ரெண்டு பேரும் வெளியே போறோம்டி," என்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

கடையில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். தான் நல்லவன் என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். என் டீயில் ஆடை படிந்தது. தள்ளி வந்தது சரிதானா? வண்டுகளில் நிஜமாகவே செத்தவையும் இருந்தனவே. சட்டென்று எழுந்து வந்து வீட்டு மாடிப்படி ஏறினேன். அவர் பின்னால் வந்தார்.

கதவுக்கு வெளியே, மிதியடியின் நடுவில், ஹெல்மெட் இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சமையலறைக் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

அவர் தட்டினார். குழாய் நின்றது. மறுபடி தட்டினார். உள்ளே எதுவுமே இல்லாததுபோல் ஆயிற்று.

"சொல்லிட்டா மாப்பிள்ளை," என்றேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இறங்கிப் போனார். வண்டி கிளம்பும் ஓசை தேயும்வரை காத்திருந்தேன்.

"நான்தான்டி. அவர் போயிட்டார். திற."

தாழ் அசையவில்லை.

தாழ் போட்டது அவருக்கு மட்டுமா? அவரைவிட அதிகமாகக் கேட்டுக் கேட்டுக் குடைந்தவள் நான்தானே. தட்டுவதற்கு எழுந்த கையை இறக்கினேன். பிறகு, அவளுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு படியிலும் செருப்பை அழுத்தி வைத்து, கீழே இறங்கினேன்.