கவேடோவின் வண்டி உயர்ந்த நாள்

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, போதும்னு நான் சொல்ற வரைக்கும்" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. உச்சியுவாவின் கால்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. அடக்கத்துக்கென்று தைத்த கறுப்பு உடையை வேலிமேல் போட்டுவிட்டு, இறந்துபோன அப்பாவின் எண்ணெய்க் கறை படிந்த கால்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அத்தை அல்பெர்டினா பட்டறை வாசலில் நிமிர்ந்து நின்றாள். தரையைத் தொடும் கறுப்பு உடை, அதற்குள் அடுக்கடுக்காக உள்பாவாடைகள், தலையில் மாட்டுக் கொம்புபோல இரண்டு பக்கமும் நீண்ட துணித் தலையணி. காலையிலிருந்து அவள் உட்காரவில்லை. தம்பி வீடு போய்ச் சேரும்வரை உட்காரப்போவதுமில்லை.

எதிரே தேவாலய நிழலில் அந்தத் தம்பி கவேடோவின் சவப்பெட்டி இருந்தது. நகரத்திலிருந்து அதைக் கொண்டுவந்தவன், தார் ரோடு முடிந்ததும் இறக்கி வைத்துவிட்டான். "இதுக்குமேல மணல்ம்மா. என் வண்டி படுத்துடும்" என்று மரியாதையாகத்தான் சொன்னான். வீடோ மணலுக்கு அந்தப் பக்கம். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி கவேடோவின் அப்பா, தாத்தா, அவருடைய அண்ணன் எல்லோரும் படுத்திருக்கும் வரிசையில் குழி வெட்டி வைத்துக் காத்திருந்தார்கள். வெயில் சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். ஊர்ப் பொது இடுகாட்டில் அந்தக் குடும்பத்தார் ஒருவரும் இல்லை. இனியும் இருக்கக் கூடாது.

"என் டிராக்டர் சும்மாதான் நிக்குது" என்றான் ருக்கே. "பின்னாடி தொட்டியில மச்சானை வச்சு இழுத்துட்டுப் போயிடலாம்."

"எங்கப்பன் வீட்டு ஆம்பளையை இதுவரைக்கும் யாரும் கட்டி இழுத்ததில்ல" என்றாள் அல்பெர்டினா.

"ஏன் இல்ல? அந்த மணல்மேட்டுல சிக்குறப்பல்லாம் யாரு இழுத்தா? நான்தானே?"

"நீ இழுத்தது வண்டியை. அவனை இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ருக்கே அவர்களுக்கு மாமன் மகன். மாமன் மகன் சாவு வீட்டிலும் கேலி பேசலாம். பேசாமல் இருந்தால்தான் மரியாதைக் குறைவு.

அந்த மணல்மேட்டை அல்பெர்டினாவுக்கு நன்றாகத் தெரியும். கவேடோ ஆழ்துளைக் கிணறுகளைப் பழுது பார்க்கிறவன். குழாய்களும், மோட்டாரைத் தூக்கும் முக்காலியும், ஜெனரேட்டரும், வெல்டிங் இயந்திரமுமாக அவனுடைய பிக்கப் எப்போதும் பிதுங்கித்தான் ஓடும். காலி வண்டியாக அதைப் பார்த்தவர்கள் கிடையாது. மேட்டுக்கு வந்ததும் வண்டியின் வயிறு மணலில் உரசி உட்கார்ந்துவிடும். அவன் மண்வெட்டியோடு இறங்குவான். அவள் தலையணியை மடியில் வைத்துக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல நேரே பார்த்தபடி முன்சீட்டில் இருப்பாள். கழுதை வண்டியில் போகிறவர்கள்கூட அவர்களைத் தாண்டிப் போவார்கள்.

வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டவேண்டும் என்று அவன் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்காக வாங்கிய டயர்களும் வண்டியைத் தாங்கும் கனத்த ஸ்பிரிங் பட்டைகளும் பட்டறையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. ஆனால் எப்போதும் யாராவது ஒருவருடைய மாடுகள் தாகத்தோடு நிற்கும். "அடுத்த வாரம்" என்பான். போன வாரம் ஒரு கிணற்றில் தண்ணீர் பீறிட்டு வந்ததைப் பார்த்தான், ஒரு கை அள்ளிக் குடித்தான், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு மர நிழலில் சாய்ந்தான். அதன்பிறகு எழவில்லை. அப்படிப் போக எல்லோருக்கும் கொடுத்து வைக்காது என்றுதான் துக்கம் கேட்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். இன்று அவனை அவனுடைய வண்டியிலேயே மணல் தாண்டிக் கொண்டுபோக, உச்சியுவா அந்தத் தார்ப்பாயை விலக்கியிருந்தாள்.

"சுமையை இறக்கிட்டு வேலை செஞ்சா சுலபமா இருக்குமேடி" என்றாள் அல்பெர்டினா.

"கூடாது அத்தை. சுமை இல்லாம அளந்தா வண்டி பொய் சொல்லும்னு அப்பா சொல்லுவார். பாரத்தோட நிக்கிறப்ப எவ்வளவு உசரமோ, அதுதான் நெசம்."

பட்டைகள் ஏறின, டயர்கள் ஏறின. ஜாக்கியை இறக்கினார்கள். அத்தனை சுமையோடும் வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டமாக, நல்ல ஜாதிக் காளைபோல நின்றது. உச்சியுவா மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போனது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். இப்படிப்பட்ட வண்டியெல்லாம் நகரத்துப் பொடியன்களுக்கு என்று நினைத்திருந்த அல்பெர்டினா, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "நம்ம குடும்பத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு பெட்டிக்கு இடம் பண்ணச் சுமையை இறக்கத் தொடங்கினார்கள்.

குழாய்கள் இறங்கின. வண்டியின் பின்பக்கம் சற்று எழுந்தது. ஜெனரேட்டர் இறங்கியது. இன்னும் எழுந்தது. வெல்டிங் இயந்திரமும் இறங்கியபோது, தண்ணீர் குடிக்கக் குனிந்த ஒட்டகச்சிவிங்கியைப்போல அது பின்னங்கால்களை நீட்டி நின்றது. பெட்டி தூக்குகிறவர்களின் கழுத்துக்கு வந்துவிட்டது பின்கதவு.

தேவாலயத்திலிருந்து பெட்டியைச் சுமந்துவந்தவர்கள் எம்பிப் பார்த்தார்கள். பெட்டி சாய்ந்தது. "கீழ வைங்க!" என்றாள் அல்பெர்டினா.

உச்சியுவா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து ஒருத்தி ஓடினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் சரியாத்தான் சொல்லிக் குடுத்தார் அத்தை. ஒருநாள் சுமையில்லாமப் போவேன்னு மட்டும் சொல்லல."

"செத்தும் மச்சான் நம்மள அண்ணாந்து பாக்க வச்சுட்டான்" என்றான் ருக்கே. சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அல்பெர்டினா, வெயில் சாயுது. டிராக்டரைக் கொண்டுவரவா?"

அவள் மருமகளைப் பார்த்தாள். "பழைய பட்டையை மறுபடி மாட்ட முடியுமா?"

"இருட்டிடும். பெட்டியை ஏத்துறது ஒண்ணும் பெரிசில்ல, கழட்டின டயரையெல்லாம் படியா அடுக்கி ஏத்திடலாம். ஆனா இந்தப் பட்டைக்குப் பாரம் பத்தாது. காலியாப் போனா மணல்ல துள்ளும். அப்பா உள்ள உருண்டுடுவார்."

"அப்ப குழாயையும் கூட ஏத்து."

"பெட்டிக்குப் பக்கத்துல அது எங்க கொள்ளும்? மடங்கி உக்கார்ற பாரமா இருந்தாத்தான் ஆகும்."

மெல்ல எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

"பாரம்னதும் ஏன்யா எல்லாரும் என் அத்தை மகளைப் பாக்குறீங்க?" என்றான் ருக்கே. "அவ பாவாடை மட்டுமே ஒரு ஜெனரேட்டர் எடை இருக்கும்!"

அல்பெர்டினா சிரிக்கவில்லை. வண்டியின் பின்தொட்டி ஆடுகளுக்கும் கூலியாட்களுக்கும் உரியது. அவளுடைய அம்மாவும் ஏறியதில்லை, அவளும் ஏறியதில்லை. முன்சீட்டில் போகலாம்தான். ஆனால் அங்கே தலையணியைக் கழற்றாமல் உட்கார முடியாது. தம்பியை வழியனுப்பும் நாளில் வெறுந்தலையாகவா? டிராக்டரை ஒருமுறை பார்த்தாள். பெட்டியை ஒருமுறை பார்த்தாள்.

"டயரை அடுக்குங்கடா" என்றாள்.

பெட்டி ஏறியது. அவள் பாவாடை அடுக்குகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு டயர்மேல் கால் வைத்தாள். "வாயைப் பொளந்துகிட்டு நிக்காத ருக்கே. கையைக் குடு." ஏறி, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஸ்பிரிங் முனகியது. ருக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அவளே ஏறியபின் மற்றவர்களுக்கு என்ன? கொம்புத் தலையணிகள் ஒவ்வொன்றாக மேலே போயின. உச்சியுவா கறுப்பு உடைக்கு மாறி வந்து, டயருக்கு மேலே கையை விட்டு இடைவெளியை அளந்துகொண்டே நின்றாள்.

"இன்னும் ரெண்டு பேரு!"

"ஒல்லியா ரெண்டா, குண்டா ரெண்டா?"

"ஒல்லியா இருந்தா நாலு! சாப்பிட்டவங்களா வாங்க!"

கடைசியில் வண்டி மட்டமாக ஒரு கை அளவுதான் மிச்சமிருந்தது. "நீயும் ஏறு" என்றாள் அல்பெர்டினா மாமன் மகனிடம். "உன் வாய்க்கே தனி எடை உண்டு." மாலை வாங்கியவன்போல அவன் ஏறி உட்கார்ந்தான். வண்டி மட்டமானது.

உச்சியுவா ஓட்டினாள். முட்புதர்களின் தலைகள் அவர்களுக்குக் கீழே போயின. இவ்வளவு உயரத்திலிருந்து தன் ஊரை அல்பெர்டினா பார்த்ததில்லை. ஒவ்வொரு கிணற்றடியிலும் ஆட்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். அவள் தம்பியின் புகழைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் எந்தத் தாயின் பிள்ளை, எந்த நிற மாடுகளை வளர்த்த குலத்தின் வழி வந்தவன், எந்தெந்தக் கிணற்றை எழுப்பியவன் என்று ஒவ்வொன்றாக, முன்னோரைப் பாடும் முறையில் பாடினாள். ருக்கே ஒவ்வொரு அடிக்கும் நடுவே புகுந்தான். "என்கிட்ட வாங்கின ஸ்பானரைத் திருப்பித் தராதவன்!" பெண்கள் சிரித்துக்கொண்டே அதையும் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

மணல்மேடு வந்தது. பாட்டு தானாக நின்றது. அல்பெர்டினா வழக்கம்போல உடம்பை இறுக்கிக் காலை ஊன்றினாள். அடியில் அந்த உரசல் கேட்கும் என்று காத்திருந்தாள்.

கேட்கவில்லை. வண்டி ஒருமுறை நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் தம்பி கட்டிவைத்த ரப்பர் வாரில் மண்வெட்டி அப்படியே இருந்தது. ஊன்றிய காலை மெல்லத் தளர்த்தினாள். பெட்டியின்மேல் படிந்திருந்த மணலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, தலையணியை நேராக்கிக்கொண்டாள்.