நூற்றிரண்டு டிகிரி

"அண்ணி, நூத்தி ஒண்ணு!" என்று தம்பி அடுப்படிக்கே ஓடிவந்து போட்ட சத்தத்தில், வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கையைச் சுட்டுக்கொண்டாள்.

காலையில் தொண்ணூற்றைந்து காட்டிய உடம்பு, அண்ணனுடையது. நுரையீரலில் கிருமி. எந்த மருந்துக்கும் மசியவில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். அத்தோடு போயிருக்கலாம். அந்தக் காலத்தில் காய்ச்சலை வரவழைத்தே சில தொற்றுகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள், இவருக்குக் காய்ச்சல்கூட வரமாட்டேன் என்கிறது என்று ஆற்றாமையில் வாயை விட்டுவிட்டார். வேறு யார் காதில் விழுந்தாலும் அது வெறும் பேச்சு. முப்பது வருஷம் சாயப்பட்டறை பாய்லரோடு சேர்ந்து மல்லுக்கட்டிய அண்ணன் தம்பிக்கு அது வேலை உத்தரவு.

"ஏத்துடா. நூத்தி ரெண்டு வரட்டும்," என்று காலையிலேயே சொல்லிவிட்டார் அண்ணன்.

ஜன்னலைச் சாத்தியாயிற்று. நான்கு கம்பளி, ஆறு வெந்நீர்ப் பை. பட்டறை வழக்கப்படி கால் மணிக்கு ஒருமுறை தம்பி அளவை உரக்கச் சொல்வான். கேட்டது என்பதற்கு அண்ணன் ஒரு விரலைத் தூக்குவார். தொண்ணூற்றேழு, விரல். தொண்ணூற்றொன்பது, விரல். தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் எழுந்து நடந்ததும் அந்த மருத்துவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அண்ணியும் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நூற்றொன்றரை. பையை, தெர்மாமீட்டர் வைத்திருந்த அக்குளோடு இன்னும் நெருக்கி வைத்தான். நூற்றொன்றேமுக்கால்.

"அண்ணே, நூத்தி ரெண்டு. ஏத்திட்டோம்."

தினமும் ஊசி போட வரும் நர்ஸ் அப்போதுதான் உள்ளே வந்தாள். வியர்வை வழிய அவளிடம் தெர்மாமீட்டரை நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. கம்பளிக்கு வெளியே தெரிந்த பாதத்தைத் தொட்டாள். பிறகு கழுத்தில் விரல் வைத்து வெகுநேரம் நின்றாள்.

"கடைசியா எப்போ அசைஞ்சாரு?"

நூறுக்கு விரலைத் தூக்கினார், அது நிச்சயம். நூற்றொன்றுக்கு? சந்தோஷத்தில் விரலைப் பார்க்காமலே அடுப்படிக்கு ஓடியிருந்தான். அதற்கப்புறம் அளவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏறியதெல்லாம் பைகளின் சூடு, அவர் போய் அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும் என்று நர்ஸ் தணிந்த குரலில் சொன்னாள். அண்ணி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். இனி இதெல்லாம் வேண்டாமே என்று நர்ஸ் மேல்கம்பளியை விலக்கப் போனாள்.

தம்பி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"எடுக்காதீங்கம்மா. ஆறிடும்."