லாடச் சிறுநீரகம்

ரெக்சன் இறந்து ஒன்றரை வருஷம் கழித்து, அவனுடைய சிறுநீரகத்தை வைத்துப் பாடம் நடத்தும் முறை அவன் மனைவி ஷீஜாவுக்கு வந்தது. அவள் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியை.

அவன் புதுத்துறைமுகத்தில் இழுவைக்கப்பல் ஓட்டியவன். கல்லடைப்புக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில்தான், இரண்டு சிறுநீரகங்களும் கீழ்ப்பக்கம் ஒட்டிக் குதிரை லாடம் போலிருப்பது தெரிந்தது. "நான் போனா ஒங்க காலேஜுக்குக் குடுத்துரு. பிள்ளைங்க பாத்துப் படிக்கட்டும்" என்று சிரித்தான். உடல்தானப் படிவத்தில் கையெழுத்தும் போட்டான். பிறகு ஒருநாள் கப்பலிலேயே மாரடைப்பு வந்து விழுந்தான்.

"இந்தக் கிளாஸ நான் எடுக்கேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார் துறைத்தலைவர் நேசக்குமார்.

"பரவால்ல சார்."

வகுப்பை விட்டு விலகிப் போவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

ஜாடியில் சிறுநீரகம், பக்கத்துத் திரையில் அவன் உயிரோடிருந்தபோது எடுத்த ஸ்கேன். இரண்டிலும் பெயர் இல்லை. திரையில் காட்டியதை உடனே ஜாடியில் காட்டினாள். "இந்தப் பாலம் பெருந்தமனிக்கு முன்னால போவுது. மேல உள்ள ரத்தக்குழாய் தடுக்கதால சிறுநீரகம் ஏற முடியாம இங்கனயே நின்னுட்டு."

"இவருக்கு வலிச்சிருக்குமா மேம்?" என்று கேட்டாள் மாணவி ஜெனிஸ்.

"கல்லு இருந்தப்ப வலிச்சுது."

குரல் உடையும் என்று ஷீஜா காத்திருந்தாள். உடையவில்லை. அடுத்த படத்துக்குப் போனாள்.

வகுப்பு கலைந்ததும் ரெக்சனின் தங்கை இன்பமணி உள்ளே வந்தாள். நாசரேத்தில் டீச்சர். "அண்ணனுக்கு ஒரு கல்லறைகூட இல்லாம ஆக்கிட்டியளே" என்று சாவு வீட்டில் சொன்னவள், அதன்பின் பேசியதில்லை. முந்தின நாள் ஷீஜாதான் போன் செய்திருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இதுவா மதினி?"

"இதுதான்."

இன்பமணி ஜாடியைத் தொடவில்லை. திரையைக் காட்டினாள். "அது?"

"ஸ்கேன். அசையக் கூடாதுன்னு மூச்சப் பிடிச்சிக்கிடச் சொல்லுவாங்க. ஒங்க அண்ணன் மூச்சப் பிடிச்சிட்டு இருக்கப்ப எடுத்தது."

இன்பமணி பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். ஷீஜா அவள் தோளில் கைவைத்தாள். தன் கையே அவளுக்கு மரக்கட்டை போலிருந்தது.

"நீங்க அழலியா மதினி?"

"வரல."

"அன்னைக்குமா?"

"அன்னைக்கும் வரல."

இன்பமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க அழாததப் பாத்து நான் வேற மாதிரில்லா நெனச்சிட்டேன்" என்றாள்.

அன்று அவள் நாசரேத் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. ஷீஜாவோடு வீட்டுக்கு வந்து, கேட்காமலே அடுப்பைப் பற்றவைத்தாள். ஷீஜா வெங்காயம் உரித்தாள். கண் எரிந்தது, அவ்வளவுதான்.