தாளின் பின்பக்கம்

நாலு மணிக்குள் காலேஜில் கொடுக்க வேண்டிய படிவத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். மணி இரண்டேகால். அப்பா ஒரு ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் கையை விட்டபடி, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அரசியல் அறிவியல்னு சேர்ந்தே, சரின்னேன். இப்ப அதுல சர்வதேச உறவுகளா? பொது நிர்வாகம் எடுத்தா பரீட்சை எழுதி ஒரு நாற்காலியில உக்காருவே. இதைப் படிச்சு எந்த நாட்டுச் சண்டையைத் தீர்க்கப் போறே?"

"தீர்ப்பேம்ப்பா."

"முதல்ல உன் சித்தப்பன் வண்டியை என் பட்டறை வாசல்லேர்ந்து எடுக்க வை. அப்புறம் கையெழுத்து."

மாடியில் இருக்கும் சித்தப்பா டாக்சி ஓட்டுகிறார். இரண்டு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

வகுப்பில் பேச்சுவார்த்தைப் பயிற்சி என்றால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாளின் முன்பக்கம் நம் தரப்பு கேட்பது. பின்பக்கம், நம் கண்ணுக்கு மட்டும்: எதுவரை இறங்கி வரலாம், சண்டைக்கு உண்மையான காரணம் என்ன. நின்றுகொண்டே அப்பா தரப்பாக இரண்டு பக்கமும் கிறுக்கினேன். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடி, தாளை அப்படியே சித்தப்பா கையில் கொடுத்துவிட்டேன்.

"ஐ.நா. சபையே மாடியேறி வந்திருக்கு!" என்றவர் முன்பக்கத்தைப் படித்தார். "காலைல ஒம்போதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் வாசல் காலியா இருக்கணுமா? முடியாதுன்னு சொல்லு உங்கப்பன்கிட்ட."

தாளைத் திருப்பினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும்னா கூட ஒத்துப்பாரா? அடிசக்கை!"

கீழே பார்த்துக் கத்த வாயைத் திறந்தவர், அடுத்த வரியில் நின்றுவிட்டார். 'வீட்டிலேயே மெக்கானிக் இருக்க, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் தம்பி வண்டி வாங்கியது.'

"இதை அண்ணன் சொன்னாரா?"

"இல்ல சித்தப்பா. நானா எழுதினது."

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே போனேன். அப்பாவின் ரகசியத்தை எதிராளியிடம் தூக்கிக் கொடுத்தவளுக்கு எந்த அப்பா கையெழுத்துப் போடுவார்?

சித்தப்பா பட்டறை வாசலில் நின்றார். அப்பா நிமிரவில்லை.

"மேடு ஏறும்போது வண்டி இழுக்க மாட்டேங்குது." சித்தப்பா பானெட்டைத் தட்டினார். "கொஞ்சம் என்னன்னு பாருண்ணே."

ஸ்பேனர் ஒருமுறை சுற்றி நின்றது.

"எந்தக் களவாணி உன் தலையில கட்டினான் இதை?" என்று அப்பா எழுந்தார்.

மணி மூன்றே கால். பானெட் திறந்திருந்தது. பழைய செய்தித்தாள் மேல் பாகங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இரண்டு தலைகளும் உள்ளே. பஸ்ஸில் போனால் காலேஜுக்கு அரை மணி. நான் காருக்கும் தெருமுனைக்குமாக நடந்தேன்.

"அப்பா, டயமாச்சு!"

"இருடி. ஃபில்டர்ல என்ன அழுக்கு பாருடா! இதோட எப்படி ஓட்டினே?"

"அப்பா!"

தலை வெளியே வராமல் ஒரு கை மட்டும் நீண்டது. "கொண்டா."

முழங்கை வரை கருப்பு. சித்தப்பா படிவத்தைக் கார் கதவில் அழுத்திப் பிடித்தார். அப்பாவின் விரல்களில் பேனா வழுக்கியது. இறுக்கிப் பிடித்தார். மணிக்கட்டிலிருந்து எண்ணெய் மெல்ல இறங்கி, விரலோடு ஓடி, காகிதத்துக்கு மேலே பேனா முனையில் ஒரு சொட்டாகத் திரண்டது.