புளிப்பதற்கு முன்

மிஷனரி கில்மோர் ஐயரும் அவருடைய மனைவியும் வெள்ளிக்கிழமை மாலை எங்கள் சிதுங்கு சபைக்கு வந்து சேர்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆகவே எங்கள் சபையைச் சேர்ந்த விதவை நியாஹாரா வியாழக்கிழமையன்றே மக்காச்சோள மாவைக் கூழாகக் காய்ச்சி, முளைகட்டிய கேழ்வரகின் மாவைக் கலந்து, இரண்டு பானை தோப்வா ஆயத்தம் செய்துவிட்டாள். தோப்வா குழந்தைக்கும் கொடுக்கத்தக்க பானம். காய்ச்சிய மறுநாள் நன்றாக இனிக்கும். அதற்கடுத்த நாளும் ஒருவாறு தாங்கும். அதையும் கடந்தால் நுரைத்துப் புளித்து, குடித்தவனின் தலைக்கேறும் மொவாவாக மாறிவிடும்.

அந்த மொவாவினால்தான் நியாஹாரா சபையின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டிருந்தாள். கணவன் இறந்த ஆண்டு அவளுடைய மேட்டு வயலைக் கொத்துவதற்கு ஆளில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவருடைய வயலுக்கு ஊரார் திரண்டு வந்து வேலை செய்தால், மாலையில் அவர்களுக்கு ஒரு பானை மொவா வைப்பது வழக்கம். அவளும் வைத்தாள். மது காய்ச்சுவோர்க்குத் திருவிருந்தில் இடமில்லை என்பது சபையின் சட்டம். அன்றுமுதல், அப்பமும் பாத்திரமும் எடுக்கப்படுமுன் அவள் எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் அமர்ந்துகொள்வாள். எங்கள் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவளே. அவள் வெளியேறிய பிறகு திருவிருந்துப் பாட்டை வேறு யாராவது எடுப்பார்கள். அது பாதி வழியில் இறங்கி, எங்கேயோ போய் முடியும். அவள் மரத்தடியில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் ஐயருக்கு உண்டு. ஆனால் சபை மூப்பர் இசைய வேண்டும். லுஹங்கா மூப்பர் இசையவில்லை. அவர் கொடியவர் அல்லர். மொவா இல்லாமல் அவள் வயலில் ஒருவனும் மண்வெட்டியைத் தொடமாட்டான். ஆதலால் அவள் மறுபடியும் காய்ச்சத்தான் செய்வாள் என்பது அவருடைய வாதம். அடுத்த மழைக்காலத்தில் அவள் தன்னந்தனியே கொத்தினாள். பாதி வயல்கூட முடியவில்லை. அதற்கடுத்த மழை இதோ தொடங்கிவிட்டது. ஐயர் ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவார். தோப்வாவைக் கொண்டே விருந்தினரை உபசரித்து, தன் வீட்டில் இனி இதுவே காய்ச்சப்படும் என்று அவர் முன்னிலையில் சொல்வதென அவள் முடிவு செய்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐயர் வரவில்லை. சனிக்கிழமை காலை, மறுநாள் திருவிருந்துக்குத் தகுதியுள்ளவர்கள் யாரென விசாரிக்கும் கூட்டத்துக்காக நாங்கள் ஆலயத்தில் கூடியிருந்தபோது, ஐயருடைய ஓட்டுநர் லாங்வெல் இடுப்பளவு சேற்றோடு நடந்து வந்தான். மலையில் பெய்த மழையால் கவிஸி ஆறு பெருகி, வண்டி துறையிலேயே புதைந்துவிட்டதாம். அன்று மாலைக்குள் வண்டி வெளியேறாவிட்டால், அக்கரையில் வரவிருக்கும் வியாபாரியின் லாரியில் ஏறி மிஷன் நிலையத்துக்குத் திரும்பிவிட ஐயர் எண்ணியிருக்கிறாராம்.

லுஹங்கா மூப்பர் ஜெபிப்போம் என்றார். ஆறு தணிந்தால் வண்டி தானே கிளம்பும். தணியாவிட்டால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார். நியாஹாரா பின்வரிசையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது தலையில் பானையும் கையில் மண்வெட்டியும் இருந்தன.

"எங்கம்மா கெளம்பிட்ட, சந்தைக்கா?" என்றார் மூப்பர்.

"ஆத்துக்கு, மூப்பரே. ஐயர் நேத்தே குடிச்சிருக்க வேண்டியது. இது சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். அதுக்கப்புறம் நீங்க சொல்ற பேரே இதுக்குப் பொருந்திரும்."

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, நடக்கத் தொடங்கினாள். இரண்டாவது பானையை அவளுடைய அண்டைவீட்டுக்காரி நியாலுங்கு தூக்கிக்கொண்டாள். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மனைவியர் போனபின் ஆலயத்தில் உட்கார்ந்திருக்க ஆண்களுக்குக் கூச்சமாயிற்று. அவரவர் வீட்டுக்குச் சென்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நாங்களும் பின்தொடர்ந்தோம்.

துறையில் வண்டி ஒருபுறமாகச் சாய்ந்து கிடந்தது. ஐயர் முழங்காலளவு நீரில் நின்று, ஒரு தட்டினால் மண்ணை வாரிக்கொண்டிருந்தார். அவர் மனைவியாகிய அம்மையார் கரையில் ஒரு பெட்டியின்மேல் அமர்ந்து, திருவிருந்துப் பாத்திரங்கள் வைத்த பையை மடியில் அணைத்திருந்தார். சக்கரத்தடியில் வாரிய மண் வாரியபடியே திரும்பி வந்து நிறைந்தது. நியாஹாரா பானையை நிழலில் இறக்கினாள்; பெண்களை நாணல் வெட்ட அனுப்பினாள்; ஆண்களைச் சக்கரத்துக்கு மேற்புறமாகக் கால்வாய் கொத்தி நீரைத் திருப்பச் சொன்னாள். பின்பு வயல் கொத்தும்போது பாடும் பாட்டை எடுத்தாள். அந்தப் பாட்டுக்கு மண்வெட்டி தானாக உயரும். களைத்தவனுக்குச் சுரைக்குடுவையில் தோப்வா வார்க்கப்பட்டது.

மூப்பர் கறுப்புக் கோட்டோடு கரையில் நின்று பார்த்தார். சிறிது நேரத்தில் கோட்டைக் கழற்றி மடித்து, அம்மையாரிடம் கொடுத்துவிட்டு நீரில் இறங்கினார். வெயில் சாயத் தொடங்கியபோது வண்டி சக்கரத்தடியில் பரப்பிய நாணலின்மேல் ஏறி, உறுமிக்கொண்டு எங்கள் கரைக்கு வந்தது.

ஐயர் குடுவையை வாங்கி ஒரே மூச்சில் குடித்து, இன்னொன்று கேட்டார். நியாஹாரா முழந்தாளிட்டுக் கொடுத்து, தன் விண்ணப்பத்தைச் சொன்னாள். ஐயர் மூப்பரைப் பார்த்தார். மூப்பரும் ஒரு குடுவை வாங்கி, வாயில் சற்று நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"இனிப்பாத்தான் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லல," என்றார். "ஆனா இவங்க வந்தது ஐயருக்காக. இந்தக் கூழைக் குடிச்சிட்டு உன் வயலுக்கு எவன் வருவான்?"

அந்தக் கேள்வி நியாயமானது. நியாஹாரா எழுந்து, ஐயருக்கு முதுகு காட்டி, எங்கள் பக்கம் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமை என் மேட்டு வயலைக் கொத்தணும். குடிக்க இதுதான் இருக்கும், வேற ஒண்ணும் கெடையாது. யாரு வர்றீங்க?"

ஆண்கள் தங்கள் கால்களிலிருந்த சேற்றைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை எங்களுக்கும் சொந்த வயல் உண்டு. மாலையில் மொவா இல்லாத வேலை நீளமான வேலை.

"நான் இந்த ஊருக்காரனா இருந்தா வந்திருப்பேன்மா," என்றான் லாங்வெல்.

நியாலுங்கு தான் வருவதாகச் சொன்னாள். அவளுக்குப்பின் இன்னும் சில பெண்கள் சொன்னார்கள். ஆண்களில் முதலில் வாயைத் திறந்தவன் கொண்டோவே. மொவாப் பானை எந்த வீட்டில் திறந்தாலும் அங்கே முதலில் போய் நிற்பவன் அவன்.

"நான் வர்றேன். மத்ததை அப்புறமா வேற எங்கயாவது பாத்துக்கறேன்," என்றான்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பில் எங்கள் தயக்கம் உடைந்தது. கொண்டோவே வரும்போது நாங்கள் எப்படி வராமலிருப்பது? நான் கையை உயர்த்தினேன், மற்றவர்களும் உயர்த்தினார்கள்.

"நானும் வந்து பாக்கறேன்," என்றார் மூப்பர்.

"பாக்க வர்றதானா மண்வெட்டியோட வாங்க, மூப்பரே."

மூப்பர் அம்மையாரிடமிருந்து கோட்டை வாங்கி, உதறி, மாட்டிக்கொண்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு ஐயரிடம், தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார். வயலில் தமக்கு மேட்டோரத்து வரிசை வேண்டும், அங்கே கல் குறைவு என்று நியாஹாராவிடம் சொன்னார்.

ஊர் திரும்பும் வழியில் அவள் இரண்டாவது பானையை இறக்கி முகர்ந்து பார்த்தாள். மேலே நுரை கட்டத் தொடங்கியிருந்தது. கொண்டோவே பக்கத்தில் வந்து நின்று, இதை வீணாக்குவது பாவம் என்றான். அவள் பானையைப் பாதையோரத்து மணலில் கவிழ்த்தாள். மணல் உறிஞ்சி முடிக்கும்வரை அவன் நின்று பார்த்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, திருவிருந்துக்குமுன் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவர்கள் எழுந்து வெளியே போனார்கள். நியாஹாராவும் பழக்கத்தால் பாதி எழுந்துவிட்டாள். அப்பத்தட்டோடு நின்ற மூப்பர் இடக்கையால் உட்காரும்படி சைகை காட்டினார். அவள் உட்கார்ந்தாள். ஐயர் பாட்டின் எண்ணைச் சொல்வதற்குள் அவள் அதை எடுத்துவிட்டாள்.