நசிமியு சொன்ன போலே

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதியதுமே வம்பு ஆரம்பித்துவிட்டது. ஸ்வாஹிலி மொழியில் அது ‘போலே’. தமிழில் படித்தால் ‘அதுபோலே, இதுபோலே’ என்று காதில் விழுகிறது. வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், சகிக்கவில்லை. கிடக்கட்டும்.

நான் இருக்கும் ஆப்பிரிக்க ஊரான கிட்டாலேயில் உங்களுக்குக் கால் தடுக்கினால், பக்கத்தில் போகிறவர் ‘போலே’ என்பார். தட்டு உடைந்தால் போலே. நனைந்து வந்தால் போலே, ஏதோ அவரே மழையை ஏவிவிட்ட மாதிரி. நம் ‘அடடா’வும் ‘பாத்து பாத்து’வும் சேர்ந்தது. தப்புச் செய்தவர் மன்னிப்புக் கேட்பதும் அதே சொல்லால்தான். கணக்கு டீச்சராக வந்து இங்கேயே நரைத்துவிட்ட எனக்கு, இப்போதெல்லாம் கனவிலும் அதுதான் வாயில் வருகிறது.

2

முதல் வரி: ‘செம்மண் புழுதி பறக்கும் ஆப்பிரிக்க மைதானத்தில், வெறுங்காலோடு...’

[அடித்துவிட்டேன். எங்கள் பெண்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து மூட்டையாக வந்தவை. எல்லாம் ஒரு அளவு பெரிசு.]

மறுபடியும்: ‘ரோரி ஒரு முட்டாள்...’

[இதுவும் வேண்டாம்.]

ரோரி தன் விடுமுறையை விட்டுக்கொடுத்து, சம்பளம் வாங்காமல், வருஷா வருஷம் ஸ்காட்லாந்திலிருந்து வந்து எங்கள் குடிசைப் பகுதிப் பெண்களுக்கு முகாம் போட்டுப் பந்தாட்டம் பழக்குகிறவர். அவரை முட்டாளாக்கினால் சிரிப்பீர்கள், தெய்வமாக்கினால் கண் கலங்குவீர்கள். இரண்டுமே எனக்குச் சுலபம். அதனால்தான் சந்தேகம். உகாலிக் களியை ஸ்பூனால் சாப்பிடுகிறார் என்று பிள்ளைகள் ஓட்ட, மறுநாள் கையை விட்டுச் சுட்டுக்கொண்டார். ‘போலே கோச், போலே’ என்றார்கள் எல்லோரும். இவர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். விளக்கினேன், சிரித்தார்.

(இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.)

3

அந்த வருஷம் ரோரியின் ஊர்க்காரர்கள் ஒரு பெண்ணை விடுதிப் பள்ளியில் சேர்த்துக் கடைசிவரை படிக்கவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒருத்தியைத்தான். யாரென்று கடைசி ஆட்டம் முடிந்ததும் ரோரி சொல்வார். நசிமியு அல்லது செபெட் என்று எல்லோருக்கும் தெரியும். நசிமியு தடுப்பவள், செபெட் கோல் அடிப்பவள். முகாம் முழுக்க ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், அன்றைக்கு எதிரெதிர் அணி.

செபெட் பந்தோடு பாய்ந்தாள். நசிமியு குறுக்கே வந்தாள். புழுதி. கோலுக்கு முன்னால் செபெட் குப்புற விழுந்தாள். நசிமியு குனிந்து கை நீட்டி, “போலே, போலே” என்றாள்.

நடுவராக நின்ற ரோரி விசில் ஊதிவிட்டார். நசிமியுவுக்குச் சிவப்பு அட்டை.

“நான் தொடவே இல்ல டீச்சர். அவர்கிட்ட சொல்லுங்க” என்று நசிமியு என்னிடம் ஓடிவந்தாள். சொன்னேன்.

“தொடலேன்னா எதுக்கு மன்னிப்பு கேட்டா? ஆட்டத்துல தப்பு பண்ணலாம் டீச்சர். பொய் சொல்ற பிள்ளைய நான் எப்படி அனுப்புறது?”

சுட்ட கையை ஞாபகப்படுத்தினேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. நல்ல மனுஷன், ஒப்புக்கொண்டார். சரி, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் பார்த்தது புழுதியைத்தான்.

(பூட்ஸ் பெரிசு என்றேனே, தானாகவும் விழுந்திருக்கலாம். இவள் தட்டியும் விட்டிருக்கலாம். எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?)

4

ரோரி செபெட்டிடமே போய், “அவ உன்னைத் தட்டிவிட்டாளா?” என்று கேட்டார்.

[முடிவு ஒன்று: ‘இல்லை’ என்கிறாள். தோழிகள் கட்டிக்கொள்கிறார்கள். நீதிபோதனை வகுப்பு, கிழித்துப் போட்டேன். முடிவு இரண்டு: ‘ஆமாம்’ என்கிறாள், விடுதிக்குப் போகிறாள், ஆயுள் முழுக்க மனசாட்சி... சின்னப் பெண்ணின் ஆயுளை எழுத நான் யார்?]

அவள் முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ரோரியைப் பார்க்கவில்லை. நசிமியுவைப் பார்த்துச் சொன்னாள்.

“போலே, நசிமியு.”

என்னால்தான் உனக்கு இந்தக் கதி என்றா? பாவம் நீ, இடம் எனக்குத்தான் என்றா? நசிமியு அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகளையும் பிடிக்கும்.

ரோரி என் பக்கம் திரும்பினார். “என்ன சொல்றா டீச்சர்?”

பெண்கள் இருவரும் என் வாயைப் பார்க்கிறார்கள். தமிழில் எழுதினால் மன்னிப்பு போலே, மன்னிப்பு இல்லை போலே. நான் எந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறேனோ, அதற்கேற்ற பெண் விடுதிக்குப் போவாள்: மன்னிப்பு என்றால் நசிமியு, பாவம் என்றால் செபெட். இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் என் இடத்தில் வந்து நில்லுங்கள். மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், கோச் காத்திருக்கிறார்.

உங்கள் தலையில் இதைக் கட்டிவிட்டேன். போலே.

எந்தப் போலே என்று கேட்காதீர்கள்.