வடிகால் வாயில் ஒரு படல்

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டால்தான் படகில் ஏற்றுவோம் என்றார்கள். வேம்பு போட்டுக்கொண்டாள். ஆரஞ்சு நிறத்தில் மூட்டை மாதிரி ஒன்றைப் புடவைக்கு மேல் மாட்டி, மூன்று இடத்தில் இறுக்கி, வசதியாக இருக்கிறதா அம்மா என்று வேறு கேட்டார்கள். ஆறு நாளாக வயிறு எரிந்துகொண்டிருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது.

சித்திரையில் இதே துறையில், இதே படகில், இருபது பெண்களோடு கன்று நடும் வேலைக்கு வந்தபோது யாரும் ஜாக்கெட் தரவில்லை. கன்றுப் பைகளுக்கு நடுவே காலை மடக்கிக்கொண்டு மூன்று நாள் போய் வந்தார்கள். அப்போது முழுகிச் செத்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது. இப்போது டிக்கெட் எடுத்திருக்கிறாள், அதனால் உயிருக்கு மரியாதை வந்துவிட்டது.

வேம்புவின் வயல் கடைமடையில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர். அவள் மாமனார் காலம் வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில்தான் இறங்கியது. அவளும் அவள் புருஷன் இளையபெருமாளும் சேர்ந்து வாங்கிய முதல் நிலம் அது. ஊரிலேயே பள்ளமான நிலம் என்பதால்தான் அவர்கள் கைக்கு வந்தது. மேட்டில் இருப்பதை யார் விற்பார்கள். பள்ளமானால் என்ன, பக்கத்திலேயே நரியோடை வடிகால் இருக்கிறது, எவ்வளவு மழை கொட்டினாலும் இரண்டு நாளில் தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்க் காயலில் விட்டுவிடும் என்று தைரியமாக இருந்தார்கள். பதினோரு வருஷம் வடிகால் அவர்களை ஏமாற்றவில்லை.

இந்தக் கார்த்திகையில் ஏமாற்றிவிட்டது. மழை விட்டு ஆறு நாள் ஆகியும் வடிகாலில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. பொதி கட்டிய சம்பாப் பயிர், வயிற்றில் கதிரை வைத்துக்கொண்டு, இலை நுனி மட்டும் தெரிய முழுகிக் கிடக்கிறது. இன்றைக்கு வடிந்தால் பாதியாவது தேறும். இன்னும் தள்ளினால் அறுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

அலுவலகத்தில் போய்ச் சொன்னாள். வடிகால் எல்லாம் தூர்வாரியாகிவிட்டது, காகிதத்தில் இருக்கிறது, கடல் ஏற்றமாக இருப்பதால் கொஞ்சம் நிற்கிறது, தானாக வடியும் என்று ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடல் ஏறினால் இறங்கவும் செய்யும் என்பது அவருக்குத் தெரியாதா, இல்லை இவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாரா. கரையோடு நடந்தே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், காயலுக்கு ஒரு மைல் முன்னாலேயே குறுக்கே இரும்புக் கதவு. 'நீர்ச்சிறகு சூழல் சுற்றுலா' என்ற கம்பெனி போட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதி, டிக்கெட் இல்லாமல் ஈ காக்கையைக்கூட விட முடியாது என்றான் காவலாளி. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய வடிகாலைப் பார்க்க டிக்கெட். சரி, அதையும் எடுத்துத் தொலைப்போம் என்று எடுத்துவிட்டாள்.

வழிகாட்டி என்று பச்சைச் சட்டையோடு படகின் முனையில் வந்து நின்றவள் கனிமொழி. வேம்புவின் அண்ணன் மகள். தாவரவியலில் பெரிய படிப்புப் படித்தவள்; ஒன்றரை வருஷமாக இந்தக் கம்பெனியில் வேலை, தை பிறந்தால் நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள். ஆரஞ்சு ஜாக்கெட்டுக்குள் அத்தையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது. ஆனால் கூப்பிடவில்லை. வேம்புவும் கூப்பிடவில்லை. மழை விட்ட மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் போன் போட்டு, வடிகால் வாயில் ஏதாவது அடைத்திருக்கிறதா, பார்த்துச் சொல் என்று கேட்டதற்கு, அங்கே ஒன்றும் இல்லை அத்தை என்று இரண்டு தடவையும் சொன்னவள் இவள்தான். இரண்டு தடவையும் சட்டென்று போனை வைத்தாள். அந்த அவசரம்தான் வேம்புவை உறுத்தியது.

படகில் மோட்டார் கிடையாது. டீசல் வாடை காட்டுக்கு ஆகாதாம். துரைராசு என்ற படகுக்காரர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, முழங்கை நீளத்துக்குக் கேமரா வைத்திருந்த ஒரு பெரியவர், வேம்பு, அவ்வளவுதான் கூட்டம். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் சேற்றில் கால் பரப்பி நின்றன. நீர்க்காகம் ஒன்று கட்டையின் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்க்கப் பார்க்க வேம்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கனிமொழி மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தாள். இந்தப் பயணத்தில் நாம் எதையும் எடுத்துப் போக மாட்டோம், எதையும் விட்டுப் போக மாட்டோம். சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். காவிரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலப்பதால்தான் இந்தக் காடு உயிரோடு இருக்கிறது. மேலிருந்து நன்னீர் தடையில்லாமல் வர வேண்டும். அந்த இடத்தில் பேச்சை நிறுத்தினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள்.

வேம்பு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினாள்.

"நன்னீர் எந்த வழியா வருதுங்க?"

பிறந்த அன்றைக்குத் தூக்கி வைத்துக்கொண்ட பெண்ணை வேம்பு முதல் தடவையாக 'ங்க' போட்டுப் பேசினாள். கனிமொழிக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். பல வாய்க்கால்கள் வழியாக வருகிறது என்றாள். நரியோடை வழியாக வராதா என்று வேம்பு கேட்டாள். அந்தப் பக்கம் கன்று நட்ட பகுதி, போக அனுமதி இல்லை என்றாள் கனிமொழி. உடனே கேமராக்காரர், கன்று நட்ட இடத்தைக் காட்டுவோம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தானே நான் வந்தேன் என்று பிடித்துக்கொண்டார். கணவன் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். துரைராசு வழிகாட்டியின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. கழியை மாற்றி ஊன்றிப் படகை வலது பக்கம் திருப்பிவிட்டார்.

இரண்டு வளைவு தாண்டியதும் தெரிந்தது. சவுக்குக் கட்டைகளை வரிசையாக அறைந்து, நடுவில் மூங்கில் பிளாச்சும் தென்னங்கீற்றும் வைத்துக் கட்டிய படல் ஒன்று, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நின்றது. அதற்கு இந்தப் பக்கம் தெளிந்த தண்ணீரில் முழங்கால் உயரக் கன்றுகள், பார்க்க லட்சணமாக. அந்தப் பக்கம் ஆகாயத் தாமரை, ஒரு ஆள் ஏறி நடக்கலாம் என்கிற அளவுக்கு அடைத்துக்கொண்டு மக்கிக் கிடந்தது. அதற்கும் பின்னால் பழுப்புத் தண்ணீர், இந்தப் பக்கத்தைவிட இரண்டு சாண் உயரமாக.

அது யாருடைய தண்ணீர் என்று வேம்புவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் எழுந்து, ஜாக்கெட்டோடு படகிலிருந்து இறங்கினாள். தொடை வரை சேறு. படகு ஆடியது, பெங்களூர்க்காரி பயந்துபோய்க் கணவனைப் பிடித்துக்கொண்டாள். வேம்பு கன்றுகளை மிதிக்காமல் ஓரமாகவே போய்ப் படலைப் பிடித்து, முதல் கட்டில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

வேம்பு இடது கைக்காரி. நாற்று முடி போட்டாலும் சரி, வைக்கோல் கட்டினாலும் சரி, அவள் முறுக்கு மற்றவர்கள் முறுக்குக்கு எதிர்ப்பக்கம் போகும். நடவுக் கூட்டத்தில் பீச்சாங்கைக் கட்டு என்று கேலி செய்வார்கள். கீழே கிடக்கிற முடியைப் பார்த்தே இது வேம்பு போட்டது என்று பிரித்து வைப்பார்கள். இந்தப் படலில் அதே கட்டு. அடுத்த கட்டையிலும் அதே. அதற்கு அடுத்ததிலும்.

சித்திரையில் மூன்று நாள் அவள் வேலை செய்த இடம் இதுதான். அப்போது பொட்டுத் தண்ணீர் இல்லை. சேறு வெடித்து, உப்புப் பூத்து, வெறும் தரையாகக் கிடந்தது. அலை அடிக்காமல் கன்றுகளுக்கு மறைப்பு கட்டுகிறோம் என்றார்கள். காயல் பக்கமாகப் படகில் கூட்டிவந்து இறக்கி, காயல் பக்கமாகவே திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். நரியோடையை வயல் பக்கத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள் வேம்பு. எந்த வளைவில் எவ்வளவு ஆழம், எங்கே நண்டு வளை என்று எல்லாம் தெரியும். அது காயலில் சேருகிற வாயை ஒரு நாளும் பார்த்ததில்லை. இருபது பெண்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. தங்கள் வயல் தண்ணீர் போகிற வழியைத் தாங்களே, சிரித்துப் பேசிக்கொண்டு, இழுத்து இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வேம்புவுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. அந்த ஆத்திரம் ஒரு நிமிஷம் அவளைச் சுற்றிவிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போனது. அந்த மூன்று நாளும் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு இங்கே கட்டு, அங்கே கட்டு என்று காட்டிக்கொண்டு நின்றவள் யார்?

அவள் திரும்பினாள். கனிமொழி படகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இது நரியோடைன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"அத்தை..."

அந்த ஒரு சொல்லில் படகில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சித்திரையில எனக்கும் தெரியாது அத்தை. பேப்பர்ல வெறும் நம்பர்தான் போட்டிருந்துச்சு. ஐப்பசியில தாமரை வந்து அடைச்சப்பதான் தெரிஞ்சுது. எங்க மேனேஜர் பிரபு சார்கிட்ட சொன்னேன். தாமரை உள்ள வந்தா படகு ஓடாது, சீசன் முடியட்டும், வெளியில யார்கிட்டயும் பேசாதன்னாரு."

"நான் போன் பண்ணேன். ரெண்டு தடவ."



வேம்பு முதல் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். நனைந்து ஊறிய கயிறு, நகம் பிய்ந்தது. கேமராக்காரர் அப்போதுதான் சுதாரித்துக்கொண்டு, இயற்கையை இப்படி அழிக்கிறாயே, இது சட்டப்படி குற்றம் தெரியுமா, எல்லாம் வீடியோவில் பதிவாகிறது என்று படகிலிருந்தே பாடம் நடத்தினார். மரத்தின் மேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பவருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, பாவம்.

"எடுங்க. நல்லா எடுங்க. அந்தப் பக்கத்துத் தண்ணி எவ்வளவு ஒசரத்துல நிக்குதுன்னு அதையும் சேத்து எடுங்க."

அவர் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரைராசு கழியைச் சேற்றில் குத்திப் படகைக் கட்டிவிட்டு இறங்கினார். அவர் ஒரு முனையிலும் வேம்பு ஒரு முனையிலுமாகக் கீற்றுகளை உருவினார்கள். மூன்றாவது கட்டை சாய்ந்ததும் தாமரைக் குவியல் முனகிக்கொண்டு நகர்ந்தது. ஒரு பாகம் பிய்த்துக்கொண்டு போக, பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் பாய்ந்தது. கன்றுகள் இரண்டு வரிசை சாய்ந்தன. கனிமொழியின் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி, எங்கே இருக்கிறீர்கள், ஏன் திரும்பவில்லை என்று பிரபுவின் குரலில் கத்தியது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். அணைத்துப் படகில் வைத்துவிட்டு, பச்சைச் சட்டையோடு சேற்றில் இறங்கினாள். வேம்பு அதைக் கவனிக்கவே இல்லை என்பது போல வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். படலில் பாதி திறந்துவிட்டது. படகில் வேம்பு வைத்துவிட்டு வந்த பையில் போன் அடித்தது. கனிமொழிதான் போய் எடுத்து வந்தாள். வேம்புவின் இரண்டு கையும் சேறு. கனிமொழியே போனை அவள் காதருகில் பிடித்தாள். இளையபெருமாளின் குரல் இரண்டு பேருக்கும் கேட்டது.

"வடிகால்ல தண்ணி இழுக்குது வேம்பு. என்னா பண்ண நீ? சரசரன்னு இழுக்குது."

"பயிரு?"



"மேல வயல்ல பயிரெல்லாம் நிக்கும். கலியன் வயலு, பெரிய பங்கு வயலு, எல்லாம் தேறிடும். நம்மளுத புடிச்சுப் பாத்தேன். கையோட வருது. பொதியப் பிரிச்சா உள்ள கறுத்துக் கெடக்கு. நேத்து வரைக்கும் பச்சையாத்தான் இருந்துச்சு. ஒரு நாளு. ஒரு நாளு முந்தி இழுத்திருந்தா..."

வேம்பு தலையை விலக்கிக்கொண்டாள். கனிமொழி போனை அணைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். வேலை போயிடும்னு பயந்துட்டேன் அத்தை, வேலை போயிடும்னு, என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வேம்புவுக்கு அவளை இழுத்து ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது, தானும் உட்கார்ந்து ஓவென்று கத்தவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அந்தச் சேற்றில் இடம் இல்லை. இன்னும் பாதிப் படல் நின்றது. மேல வயல்களின் தண்ணீர் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

"நான் தெரியாமக் கட்டுனேன்" என்றாள் வேம்பு. "நீ தெரிஞ்சு வாய மூடிக்கிட்டு இருந்த. இத நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன் கனி."

கனிமொழி தலையை ஆட்டினாள்.

"அழுவாத. அழுது யாருக்கு என்னா ஆவப்போவுது. அந்தக் கட்ட அவுத்துவிடு."

கனிமொழி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். எதிர்ப்பக்கம் முறுக்கிய கட்டு அவளுக்குப் பிடிபடவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. வேம்பு சொல்லிக்கொடுக்கவில்லை. தன் பக்கத்துக் கட்டை அவிழ்த்து முடித்துவிட்டு, அடுத்த கட்டைக்கு நகர்ந்தாள்.